துக்கமும் காதலும் ஏன் விடுதியில் வந்து சந்திக்கின்றன?

கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஒரு சாவு. அப்புறம் ஒரு பெட்டி, ஒரு நீண்ட பயணம், ஒரு இரும்பு கேட். அண்ணனை விபத்தில் பறிகொடுத்த பெண்ணோ, அம்மாவை நோய்க்குப் பறிகொடுத்த பையனோ, மற்றவர்கள் எல்லாரும் கூட்டாளி பிடித்து முடித்த ஆண்டின் நடுவில் ஒரு விடுதிப் பள்ளியில் வந்து இறங்குவார்கள். அங்கே இன்னொருவர் இருப்பார். அவருக்கும் வெளியே சொல்லாத காயம் ஒன்று இருக்கும். முந்நூறு பக்கம் கழித்து இருவரும் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள்.

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. மலேசியாவில், கோலாலம்பூர் பக்கம் கெப்போங்கில் இருக்கிறாள். பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனையில் இந்த மாதிரி ஆங்கில நாவல்களைப் பை நிறைய அள்ளி வருவாள். அவற்றில் நாலைந்தை வாங்கிப் படித்தேன். கேலி செய்யத்தான் படிக்க ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நாவலில் கேலி நின்றுவிட்டது. "மாமா, இது ஏன் நம்ம ஊர்ல நடக்கற மாதிரி யாரும் எழுதறதில்ல?" என்று அவள் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

இந்த வகைக் கதைக்குப் பாட்டன் இங்கிலாந்துக்காரன். ரக்பி பள்ளியை வைத்துத் தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய நாவலில் டாம் பிரௌன் என்ற பையன் வருகிறான். சண்டை, சீனியர் தொல்லை, கிரிக்கெட் எல்லாம் அதில் உண்டு, காதல் கிடையாது. ஆனால் சாவு உண்டு. டாமின் பொறுப்பில் விடப்படும் ஆர்தர் தகப்பனை இழந்த பிள்ளை. கதை முடிகிற இடமும் ஒரு கல்லறைதான். பள்ளியை விட்டுப் போய்விட்ட டாம், தலைமையாசிரியர் ஆர்னல்டு இறந்த செய்தி கேட்டு, காலியாகக் கிடக்கும் பள்ளிக்குத் தனியாகத் திரும்பி வருகிறான். பாட்டி அமெரிக்காக்காரி. அங்கே நூலகச் சங்கம் இளம் வயதினருக்கென்று தனிப் பிரிவு வைத்தது 1957இல். பத்து ஆண்டு கழித்து 1967இல், பதின்ம வயதிலேயே எழுதத் தொடங்கிய எஸ்.இ. ஹின்டன், தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த மூன்று சகோதரர்களின் கதையை வெளியிட்டார். பெரியவர்கள் நல்லபுத்தி சொல்வதற்காக எழுதாமல், அந்த வயதுக்காரர்களின் குரலிலேயே எழுதலாம் என்று அதற்குப் பிறகுதான் பதிப்பாளர்களுக்குத் துணிச்சல் வந்தது. பாட்டன் கொடுத்தது கட்டில் வரிசை, பாட்டி கொடுத்தது குரல். காதல் பின்னாடி வந்து சேர்ந்துகொண்டது.

சரி, ஏன் விடுதி? எழுதுகிறவரின் வசதி ஒரு காரணம். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் கதாநாயகியை ஒன்பது மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள், கதை நின்றுவிடும். ஆனால் இந்த நாவல்களைப் படித்துக்கொண்டு போகும்போது எனக்கு வேறொன்று தெரிந்தது. காதலன் ஆற்றுவதாகக் கதை சொல்லிக்கொள்ளும் துக்கத்தில் பாதியை ஆற்றுவது விடுதி மணி.

துக்கத்துக்கு ஐந்து படி என்று எல்லாருக்கும் தெரியும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. பல நாவல்கள் இதையே ஐந்து பாகமாகப் பிரித்துக்கொண்டு நகர்கின்றன. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியபோது, சாகப் போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசித்தான் எழுதினார். அவர்கள் தங்கள் சாவை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே அந்த நூலின் கவலை. அது எப்படியோ சாவு விழுந்த வீட்டுக்காரர்களின் அட்டவணை ஆகிவிட்டது. அதனால்தான் 'கோபம்' அத்தியாயத்தில் கதாநாயகி கண்ணாடியை உடைக்கிறாள், 'ஏற்பு' அத்தியாயத்தில் கடற்கரைக்குப் போகிறாள். உண்மையில் யாரும் இப்படி வரிசையில் துக்கப்படுவதில்லை.

மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த பார்வை எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. இழந்தவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறார் என்கிறார்கள். கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம்: அழுகை, பழைய படம், நினைவு. கொஞ்ச நேரம் வாழ்க்கையின் பக்கம்: துணி துவைப்பது, பாடம், ஒரு சிரிப்பு. இந்தப் போக்குவரத்துதான் ஆறுதல் நடக்கும் விதம், ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். இப்போது விடுதியை நினைத்துப் பாருங்கள். அரசாங்க விடுதியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். காலையில் பசியாற, பத்து மணிக்கு, மதியம், மாலை, இரவு, படுக்கப் போகும் முன் ஒரு மைலோ. உங்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் வரிசையில் நிற்க வேண்டும், தட்டைக் கழுவ வேண்டும். இரவு பிரெப் வகுப்பில் இரண்டு மணி நேரம் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகுதான் அழுகைக்கு நேரம். ஸ்ட்ரோபவும் ஸ்கூட்டும் சொன்ன அந்தப் போக்குவரத்துக்கு விடுதியில் கால அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு. சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு, பினாங்குத் தீவில் விடுதி. பிரெப் நேரத்தில் வார்டன் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெளியே சித்தப்பா வேனோடு நின்றிருந்தார். பாலம் முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை. பட்டர்வொர்த் வந்த பிறகு, "நீதாம்பா மூத்தவன்" என்றார். அதிலேயே எல்லாம் இருந்தது.

கொள்ளி வைத்தேன், மொட்டை அடித்தார்கள். எட்டாம் நாள் துக்கம் முடிந்ததும் பரீட்சை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், பதினாறுக்கு மறுபடி வருவதாகப் பேச்சு. விடுதிப் படியில் ஏறும்போது படிவம் ஐந்து அண்ணன்கள் என் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். டிசிப்ளின் டீச்சரிடம் மாட்டி மொட்டை வாங்கினேன் என்று நினைத்துவிட்டார்கள். "என்னடா பண்ணின?" என்று கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அப்பா செத்ததுக்கு அடித்தது என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அடுத்த நாள் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி கவுன்சலிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டவர்களுக்கு ஊகம் உறுதியாகிவிட்டது. உள்ளே பத்து நிமிடம், ஒரு படிவம் நிரப்பினோம், அவ்வளவுதான். டீச்சர் கெட்டவர் இல்லை. அவருக்கு அடுத்த பையன் வெளியே காத்திருந்தான்.

என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்தவன் மலாய்க்காரப் பையன். அவன் மட்டும் தலையைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்களுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டான். முந்தைய ஆண்டு அவன் பாட்டி இறந்திருந்தார். மூன்று இரவு தஹ்லில் பிரார்த்தனை ஓதி, நாற்பதாம் நாள் கெண்டூரி விருந்து வைத்து, நூறாம் நாளும் பார்த்தவன். சாவுக்கு நாள் எண்ணுவார்கள் என்பது அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதாக இல்லை. பதினாறு என்றேன். என் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பேனாவால் வட்டம் போட்டான். வகுப்புத் தலைவன் ஒரு உறை கொண்டுவந்து கொடுத்தான், உள்ளே சில்லறையோடு 37 ரிங்கிட்.

காதல் எதுவும் நடக்கவில்லை. அக்கா மகளுக்கு இதில் பெரிய ஏமாற்றம். ஆனால் நான் இல்லாத அத்தனை நாள் வேதியியல் பாடத்தையும் யாரோ ஒரு பெண் அழகாக எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெயர் எழுதவில்லை. கையெழுத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இந்த ஊரில் இந்தக் கதையை எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த விடுதி என்பது. ஆங்கில நாவலில் விடுதி என்றால் பனிமூட்டம், கருங்கல் சுவர், பரம்பரைப் பணம். பினாங்கில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. 1955இல் பினாங்கு மலை மேல், முன்பு கிராக் ஹோட்டலாக இருந்த கட்டடத்தில், அப்லண்ட்ஸ் என்ற விடுதிப் பள்ளி தொடங்கியது. தோட்டத் துரைமார்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் ஏறிப் போனால் பனிமூட்டமும் உண்டு. அதே துரைமார்களின் தோட்டங்களில் நம் பிள்ளைகளுக்கு இருந்தது வேறு பள்ளி. ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி வைக்க வேண்டும் என்ற 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் வந்த பள்ளி, பல இடங்களில் ஒரே ஓர் அறை. மலை மேல் இருந்த பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து படித்தார்கள். கீழே இருந்த பிள்ளைகளுக்கு லயத்து வாசலிலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு வாசலிலேயே, பள்ளி.

1905இல் கோலகங்சாரில் தொடங்கிய மலாய்க் கல்லூரியும் அதன் வழியில் வந்த முழு விடுதிப் பள்ளிகளும் நம் கதைக்கு அவ்வளவாக ஒத்துவராது. நம் பிள்ளைகள் அங்கே மிகக் குறைவு. கோலாலம்பூர் சுங்கை பெசியில் உள்ள அரச ராணுவக் கல்லூரியில் எல்லா இனத்தவரும் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். ஆனால் அங்கே காலையில் கவாத்து, மாலையில் பூட்ஸ் பாலிஷ், காதலுக்கு இடம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் பார்த்த விடுதிகள் வேறு. சாதாரண இடைநிலைப்பள்ளியின் பின்பக்கத்து விடுதி ஒன்று. படிவம் ஐந்தின் எஸ்பிஎம் பரீட்சை முடித்து, பதினெட்டு வயதில் முதல் தடவையாக வீட்டைப் பிரிந்து போகும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் கல்லூரி இன்னொன்று. பினாங்கு மாநிலத்துக்கு அது கெப்பாலா பத்தாஸில் இருக்கிறது. பெருநிலத்துப் பக்கம், வயல்வெளி நடுவில். ஆங்கிலக் கதையின் பனிக்குப் பதிலாக அங்கே மதியம் மூன்று மணி வெயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இல்லங்கள். இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பூச்சோங் சாலையில் சுவாமி சத்தியானந்தா நிறுவிய சுத்த சமாஜம், பின்னாளில் அன்னை மங்களம் பல பத்தாண்டுகள் கட்டிக்காத்தது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்த்தது. பினாங்கு ஸ்காட்லண்ட் சாலையில் ராமகிருஷ்ண ஆசிரமம் பிள்ளைகளை வைத்து வளர்க்கிறது. ஆங்கில நாவலில் துக்கத்தோடு வரும் பிள்ளை விதிவிலக்கு, அதனால்தான் அவளுக்கு மர்மமான ஈர்ப்பு. இல்லத்தில் அப்படியில்லை. அங்கே இழக்காதவர் யாருமில்லை. "எனக்கும் அப்பா இல்ல" என்பது அங்கே ரகசியமாகாது, 'எனக்கும் சளி பிடிச்சிருக்கு' என்பது போல ஒரு தகவல். காதல் வருவதற்கான அந்தப் பெரிய வெளிப்படுத்தல் காட்சி அங்கே எடுபடாது, எழுதுகிறவர் வேறு வழி பார்க்க வேண்டும். எனக்கு அந்தக் கதையைத்தான் படிக்க ஆசை.

நம் வீட்டுச் சாவு நடக்கும் விதமும் வேறு. ஆங்கிலக் கதையில் துக்கத்தின் முதல் துன்பம் தனிமை. யாரும் பேசுவதில்லை, அறைக் கதவு சாத்தியிருக்கிறது. நம் பக்கம் சாவு வீட்டில் கதவே சாத்துவதில்லை. கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, பெரியம்மாக்கள் மூன்று பேர் சமையலறையைக் கைப்பற்றி, ஒப்பாரி தெரிந்த ஒரு கிழவி இருந்தால் அவளும் வந்து... பிள்ளைக்கு அழ இடமில்லாமல் போவது கூட்டத்தால். முதல் வருடம் தீபாவளி கிடையாது. தோழிகள் முறுக்கு டப்பாவோடு விடுதிக்குத் திரும்பும்போது இவள் வெறுங்கையோடு திரும்புவாள், ஒருத்தி கேட்டுவிடுவாள். நாவலுக்கு இந்த ஒரு காட்சி போதும், கண்ணாடி உடைக்கத் தேவையில்லை.

செத்தவரை விட்டுவிட்டு முன்னேறு என்று பழைய ஆங்கில நாவல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996இல் தொகுத்த நூல் வேறு மாதிரி சொன்னது: உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது, அது கோளாறு அல்ல. மலேசியத் தமிழ் நாளிதழ் படிக்கும் யாருக்கும் இது புதிதா? நினைவஞ்சலிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதினைந்து ஆண்டு முன்பு போனவருக்கு அதே பாஸ்போர்ட் படத்தோடு, "அப்பா, நீங்கள் எங்களை விட்டுப் பிரிந்து..." என்று இன்றும் காசு கட்டி விளம்பரம் கொடுக்கிறார்கள். செத்தவரை நேரே கூப்பிட்டுப் பேசும் விளம்பரம். கீழே பேரன் பேத்திகளின் பெயர் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வரும். கதாநாயகி ஓர் அத்தியாயத்தில் அந்த விளம்பரத்துக்கு வாசகம் எழுத வேண்டி வந்தால், அவளுடைய மனம் எங்கே நிற்கிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கதைக்கான அச்சு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் அக்கா மகளிடம் நான் அழுத்திச் சொன்னது. அகப்பாட்டில் காதலுக்கு எதிரி வில்லன் கிடையாது, காவல்தான். வீட்டிலேயே வைத்துப் பூட்டும் இற்செறிப்பு உண்டு. ஊர் வாய் பேசும் அலர் உண்டு. பகலில் சந்திக்கும் இடம் பகற்குறி, இரவில் சந்திக்கும் இடம் இரவுக்குறி. எல்லாவற்றுக்கும் நடுவில் தூது போகும் தோழி. இதை அப்படியே தூக்கி விடுதியில் வையுங்கள். வார்டன் காவல். 'அவங்க ரெண்டு பேரும் கப்பிளாம்' என்பது அலர். கோப்பராசி என்ற பள்ளிக் கூட்டுறவுக் கடை வரிசை பகற்குறி. பெண்கள் கட்டடத்துக்கும் ஆண்கள் கட்டடத்துக்கும் நடுவில் உள்ள சாப்பாட்டு மண்டபம் இரவுக்குறி. மேல்கட்டில்காரி தோழி. கைப்பேசி அனுமதி இல்லாததும் இங்கே நல்லதாகப் போகிறது. ஒரு துண்டுச் சீட்டு மூன்று கை மாறிப் போய்ச் சேர வேண்டும். செய்தி உடனே போய்ச் சேராத இடத்தில்தான் காதல் கதை ஓடும்.

துக்கத்துக்கும் முன்மாதிரி இருக்கிறது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரியின் பெண்கள் பாடியது. அன்றைய நிலவில் தகப்பன் இருந்தான், குன்றும் எங்களுடையது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. வயதுப் பெண்கள், தகப்பன் போரில் போனான், வீடு போனது, இனி தகப்பனின் நண்பர் கபிலர் கூட்டிக்கொண்டு போகும் ஊர்தான் ஊர். பெட்டியோடு கேட்டில் வந்து நிற்கும் ஆங்கில நாவல் பெண்ணுக்கு இவர்கள் ஈராயிரம் ஆண்டு மூத்த அக்காமார். ஒப்பாரி இல்லை, ஐந்து படி இல்லை. ஒரே நிலாவை இரண்டு தடவை பார்க்கிறார்கள்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். காதலன் மருந்தாகும் கதை. அவன் வந்ததும் அவளுக்குத் தூக்கம் வருகிறது, சோறு இறங்குகிறது, கெட்ட கனவு நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கக் கோளாறு என்ற ஒன்று தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும், அவரவர் பண்பாட்டில் வழக்கமானதை விஞ்சி, அன்றாட வாழ்வையே முடக்கிப் போடும் துக்கம் அது. அதற்குச் சிகிச்சை தேவை, பதினாறு வயதுப் பையன் அதைச் சுமக்க முடியாது. அப்படிச் சுமக்கவைக்கும் கதைகளில் பிரிவு வந்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதுவதில்லை. அந்த வயதுக் காதலில் பிரிவு வருவதுதானே வழக்கம்? மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடிந்துவிடும். ஒருவர் ஜோகூருக்கு, ஒருவர் சபாவுக்கு.

நல்ல கதைகளில் காதலன் செய்வது மிகச் சின்னது. செத்தவரின் பெயரைக் கேட்கிறான். மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்த்துக்கொண்டு சுற்றும்போது, இவன் கேட்கிறான்: உங்க அண்ணன் பேர் என்ன, எந்த டீமுக்குக் கத்துவார், சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பார்? அவள் பத்து நிமிடம் பேசுகிறாள்.

பேசுவது எந்த மொழியில்? இது சின்ன விஷயம் இல்லை. ஆரம்பப் பள்ளியோடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடுகிறது, இடைநிலைப்பள்ளியில் நாள் முழுக்க மலாய். நம் விடுதிப் பிள்ளைகள் மூன்று மொழியைக் கலந்துதான் பேசுவார்கள், திட்டுவார்கள், கணக்குப் போடுவார்கள். ஆனால் கருமாதியை, கொள்ளிக்குடத்தை, தலைத் திவசத்தை வேறு மொழியில் சொன்னால் விளக்கவுரை ஆகிவிடும். விளக்காமல் சொல்ல முடிகிற ஒரு ஆள் அந்தக் கட்டடத்தில் கிடைப்பதே காதலுக்குப் போதுமான காரணம். "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று மட்டும் யாரையும் பேசவிடாதீர்கள். நம் ஊரில் அதைச் சொல்லும் வாக்கியம் "பசியாறிட்டியா?" என்பதுதான். அதைக் காலை பத்து மணிக்கு, எல்லார் முன்னாடியும், ஒன்றுமே தெரியாத மாதிரி கேட்கலாம்.

போன வாரம் அக்கா மகள் எழுத ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய கதாநாயகன் படிவம் ஐந்து, மே மாதம் அப்பா போய்விடுகிறார், மொட்டைத் தலையோடு விடுதிக்கு வருகிறான். என்னைக் கேட்காமல் மொட்டையை எடுத்துக்கொண்டாள். இரண்டு சந்தேகம் கேட்டாள். அந்த வேதியியல் நோட்டு இன்னும் இருக்கிறதா என்பது ஒன்று. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மொட்டை அடித்த முடி சீப்பில் பிடிபட எவ்வளவு நாள் ஆகும் என்பது இன்னொன்று. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மாதிரி வளரும், மூன்று மாதம் வைத்துக்கொள் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள எஸ்பிஎம் ட்ரையல் பரீட்சை வந்துடுமே மாமா" என்றாள்.